புதுக்கொற்கைக்குத் தண்ணீர் போன கடைசி ஆண்டு

குடியேற்ற ஆண்டு 61, தை 4. காலை 6:10
வடதுருவப் பனி நிலையம், செவ்வாய். பொறுப்பு: பேச்சியம்மாள், நீர்ப்பொறியாளர்.

பனி வெட்டும் இயந்திரங்கள் மூன்றும் ஓடுகின்றன. தலைநகர் புதுக்கொற்கைக்குப் போகும் குழாயில் அழுத்தம் சரி. வழியில் தண்ணீர் உறையாமல் காக்கும் சூட்டுக்கூடங்கள் எல்லாவற்றிலிருந்தும் நலம் என்று செய்தி வந்துவிட்டது. இரண்டாம் இயந்திரத்தின் பல்சக்கரத்தை என் கணவர் அருளப்பன் மாற்றினார். மகள் அமலி விளக்குப் பிடித்தாள். எட்டு வயது, கையுறை இன்னும் பெரிதாக இருக்கிறது. வேறு குறிப்பு இல்லை.

ஆண்டு 61, மாசி 19. மாலை 4:00
தலைநகர் அறிவிப்பு. அப்படியே பதிகிறேன்.

"முதல் மூன்று கப்பல்களில் வந்தோரின் வழித்தோன்றல்களாகிய மூத்தகுடியினரே இனி இக்குடியரசின் குடிமக்கள். வம்சம் தந்தைவழியே கொள்ளப்படும். மற்றையோர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பூமிக்கு அனுப்பப்படுவர்."

இரண்டு வருடமாக நகரத்தில் வீடும் மின்சாரமும் போதவில்லை. அரசு வீடு கட்டவில்லை, ஆட்களைக் குறைக்கிறது. என் அப்பாவின் அப்பா முதல் கப்பல். அருளப்பனின் அப்பா ஐந்தாம் கப்பல். அமலி இதே நிலையத்தின் மருந்தறையில் பிறந்தவள். அவளும் ஐந்தாம் கப்பல்தான் என்கிறது சட்டம்.

ஆண்டு 61, பங்குனி 8. பகல் 1:30
நானும் அவர்களோடு போகிறேன் என்று மனுக் கொடுத்திருந்தேன். தலைநகர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நயினார் பேசினான். ஆறு வருடமாகத் தினமும் கேட்கும் குரல்.

"அக்கா, மனுவ நானே கொண்டுபோய்க் குடுத்தேன். அத்தியாவசியப் பணியாளருக்குப் போக அனுமதி கெடையாதாம். பிள்ளைக்கு எட்டு வயசுதான ஐயான்னு சொன்னேன். அந்த அதிகாரி அடுத்த ஆள வரச் சொல்லிட்டாரு."

ஆண்டு 62, சித்திரை 2. காலை 9:40
வண்டி வந்து போய்விட்டது. அருளப்பன், அமலி, மற்ற நான்கு ஊழியர்கள். எல்லாரும் பிந்திய கப்பல்காரர்கள். இந்தக் குளிருக்கு முதல் கப்பல் வீடுகளிலிருந்து என்னைத் தவிர யாரும் வந்ததில்லை.

அருளப்பன் கடைசி வரை இயந்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவதை அதிகம் ஓட்டாதே, சத்தம் மாறினால் நிறுத்திவிடு. வேறு எதையாவது பேசியிருந்தால் இருவருமே உடைந்துபோயிருப்போம். நான் அடுத்த வண்டியில் வருவேன் என்று அமலி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை.

இயந்திரங்கள் ஓடுகின்றன.

ஆண்டு 62, ஆவணி 23. காலை 7:15
சூட்டுக்கூடங்களில் ஆளில்லை. வேலை பார்த்தவர்கள் எல்லாரும் கப்பலேற்றப்பட்டார்கள். ஐந்தாம் கூடம் அணைந்து, குழாய் உறைந்து வெடித்துவிட்டது. நகரத்துக்குப் பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை. நான்கு முறை தெரிவித்தேன். நீர்த்துறையின் பதில்:

"தட்டுப்பாடு என்ற சொல்லைத் தங்கள் அறிக்கைகளில் இனிப் பயன்படுத்த வேண்டாம். அது தண்டனைக்குரியது. மூத்தகுடி இளைஞர்களுக்கு விரைவில் பயிற்சி தரப்படும்."

யார் தருவார்கள் என்று கேட்டேன்.

ஆண்டு 62, ஐப்பசி 11. இரவு 8:20
நயினார்:

"ஆஸ்பத்திரில நர்சு இல்லக்கா. காத்துச் சுத்திகரிக்கிற எடத்துல வெல்டிங் வைக்க ஆளு இல்ல. இப்ப மூத்தகுடிக்காரங்களே கப்பலுக்கு வரிசைல நிக்காங்க. போன வாரம் குடியுரிமை மந்திரி வீட்டுப் பிள்ளைக ஏறிட்டாங்க. எம் பொண்டாட்டி, நாமளும் போவோம்னு தெனம் அழுதா. நான் போயிட்டா உங்ககூட யாரு பேசுவா?"

நான் தொடர்பைத் துண்டிக்கவில்லை. அவனும் துண்டிக்கவில்லை.

ஆண்டு 62, மார்கழி 27. காலை 10:05
நயினார். அழுதிருக்கிறான் என்று குரலிலேயே தெரிந்தது.

"அக்கா, நாளைக்குக் கடைசிக் கப்பலு. உங்களக் கூட்டிட்டு வர வண்டி நிக்கி, ஓட்ட ஆளு இல்ல. ஓட்டத் தெரிஞ்சவங்களையெல்லாம் நாமதான அனுப்பி வச்சோம். நானே ஓட்டிருவேன்னு எடுத்தேன். வாசலத் தாண்டுனதும் பள்ளத்துல எறக்கிட்டேன். வேற ஒண்ணும் செய்ய முடியலக்கா. என்ன மன்னிச்சிருங்க."

நான் சொன்னது: "நீ வண்டி எடுத்ததே போதும் தம்பி. பிள்ளைகள நல்லாப் போத்திக் கூட்டிட்டுப் போ. கப்பல்ல குளிரும்."

ஆண்டு 62, மார்கழி 29. மாலை 5:50
நகரத்திலிருந்து வரும் மின்சாரம் நின்றது. இயந்திரங்களும் நின்றன. இங்கே இவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மின்கலம் இருக்கிறது. படுக்கை அறையை மட்டும் சூடாக்குகிறேன்.

ஆண்டு 62, தை 3. காலை
பூமியிலிருந்து. பழைய அலைவரிசையில், அறுந்து அறுந்து வந்தது.

"அம்மா, நான் அமலி பேசுதேன். நாங்க முகாம்ல இருக்கோம். இங்க ஒடம்பு ரொம்பக் கனக்கும்மா. அப்பா கம்பு ஊனி நடக்காரு. எல்லாரும் எந்த நாடுன்னு கேக்காங்க. புதுக்கொற்கைன்னு சொன்னேன். அப்படி ஒரு நாடு இப்ப இல்லைன்னு டீச்சர் சொல்லுதாங்க. நெசமாம்மா? நீங்க அப்ப எங்க இருக்கீங்க?"

பூமி வரை எட்டும்படி பேச வேண்டுமானால் மின்கலத்தில் மிச்சம் இருப்பது முழுவதும் வேண்டும். அதன்பின் அறைக்குச் சூடு இருக்காது. பேசாவிட்டால் இன்னும் ஒரு வாரம் தாங்கும். ஒரு வாரத்தில் யாரும் வரப்போவதில்லை.

அனுப்பியது:

"அமலி, அம்மா நம்ம வீட்டுலதான் இருக்கேன். டீச்சர் சொல்லுறது நெசந்தான், கோவிச்சுக்கிடாத. ஆனா நம்ம நாடுன்னு ஒண்ணு இருந்துச்சு மக்கா. மழையே இல்லாத எடத்துல உங்கப்பாவும் நானும் அத்தன பேருக்கும் தண்ணி குடுத்தோம். உன்னப் போன்னு சொல்லுத வரைக்கும் அது நல்ல ஊரு. அப்பா மாத்திரையப் போட்டாரான்னு பாத்துக்கோ. நான் அடுத்த வண்டிக்கு வரல. உங்கிட்ட அப்பமே சொல்லியிருக்கணும்."

தை 3. பிறகு
போய்ச் சேர இருபது நிமிடம். பதில் வர இருபது. வாங்கும் கருவிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் மிச்சம். கையுறையோடு எழுதுகிறேன், எழுத்துக் கோணுகிறது. அறையின் உள்பக்கம் பனி படர்கிறது. தூக்கம்

இல்லை. விழித்திருக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. அவள் பதில் சொன்னால் கருவியில் தானாகப் பதிவாகும். அம்மா அதைக் கேட்டாளா என்று என்றைக்காவது அவள் உங்களிடம் கேட்டால், கேட்டாள் என்று சொல்லுங்கள்