புளியங்கொட்டைச் சாக்கு

12.2.1981, வியாழன். புதூர்நாடு.

முதுகுவலிக்காக டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் புளியங்கொட்டைச் சாக்கைத் தூக்கி இறக்குகிறேன். வாரம் ஒரு படி கொட்டை கூட்டிக்கொண்டே வந்தேன். வலியும் குறைந்துகொண்டே வந்தது. இன்று பார்த்தால், என் மனைவி செல்வி சாக்கிலிருந்து கொட்டையை அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

“இன்னா பண்ற?”

“நீங்க போடப் போட நான் எடுத்துடறேன் மாமா. திரும்ப முதுகு புடிச்சிக்கினா இன்னா பண்றது?”

ஆக, சாக்கின் கனம் கூடவே இல்லை. பிறகு வலி எப்படிக் குறைந்தது? படுத்து யோசித்தும் விளங்கவில்லை.

அப்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் கிடந்த கேழ்வரகு மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே போட்டேன். செல்வி பதறி ஓடிவந்து என் முதுகைத் தடவினாள். அதற்குப் பிறகுதான் எனக்கு முதுகின் ஞாபகமே வந்தது.