நீண்ட விசில்

பிப்ரவரி 3
காலையில் நீளம் தாண்டும் பயிற்சி. ‘வெட்டுக்கிளி’ இன்றைக்கும் பலகையைத் தாண்டி மிதித்துத் தொலைத்தாள். திட்டினால் சிரிக்கிறாள். “சார், நாளைக்கு நான் வரமாட்டேன், போராட்டம்.” கட்டண உயர்வை எதிர்த்தாம். காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றேன்.

பிப்ரவரி 4
கல்லூரிக்குள் போலீஸ் சுட்டுவிட்டது.

பிப்ரவரி 6
நான்கு பிள்ளைகள். அதில் வெட்டுக்கிளியும். அடக்கத்துக்கு நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

பிப்ரவரி 7
எழுதிவிடுகிறேன். மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், போலீஸ் உள்ளே நுழைந்ததும் எழுந்து ஓடினார்கள். படிக்கட்டில் மிதிபட்டுச் சாவார்களே என்று பதறி நீளமாக ஒரு விசில் ஊதினேன். என் வகுப்பில் நீண்ட விசில் என்றால் அசையாமல் நிற்க வேண்டும். ஈட்டி எறியும்போது யாரும் குறுக்கே வந்துவிடக் கூடாதென்று முதல் வாரத்திலேயே பழக்கிவிடுவேன். மற்றவர்கள் ஓடினார்கள். என் பிள்ளைகள் நின்றார்கள். வெட்டுக்கிளி பின்வாசலையே எட்டிவிட்டாள் — திரும்பி நின்றாள். நின்றவர்களைத்தான் சுட்டார்கள்.

நல்லதுக்குத்தானே ஊதினேன்? யாருக்கு நல்லது? பாவி, சும்மா இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா நான்?

பிப்ரவரி 12
கல்லோடு பாய்ந்து வந்தார்கள், அதனால் சுட்டோம் என்கிறது போலீஸ். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரி முதல்வர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடுங்க. விசில் விஷயம் வெளிய வந்தா மொத்தப் பழியும் உங்க தலையிலதான்.” தலையாட்டிவிட்டு வந்தேன். அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 13
மனைவியிடம் சொன்னேன். “எல்லாரும் ஓடும்போது இவங்க மட்டும் ஏன் நின்னாங்கன்னு கேப்பாங்க. உங்களை விட்டா யாருங்க பதில் சொல்லுவா?” என்றாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு கோபம்.

பிப்ரவரி 20
விசாரணையில் சொல்லிவிட்டேன். “யாரும் பாயல. நின்னாங்க. நான் விசில் ஊதினதால நின்னாங்க.” முதல்வர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வெட்டுக்கிளியின் அம்மா நின்றிருந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“அவ ஓடியிருந்தா தப்பிச்சிருப்பாளா சார்?”

“தப்பிச்சிருப்பாம்மா. வாசல்கிட்ட போயிட்டா.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை.