கிடங்குக்கு ஓட்டு கிடையாது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்! நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க நகராட்சி குமாஸ்தா வந்தார். என் அறையில் காய்கிற துணியையும் கொதிக்கிற உலையையும் பார்த்துவிட்டு, "இங்க யாரும் குடியிருக்கலீங்க" என்றார். நகர வரைபடத்தில் இந்தக் கட்டடம் கிடங்காம். கிடங்குக்கு ஓட்டு கிடையாதாம். பதினொரு குடும்பங்களின் பெயரை அடித்துவிட்டார்.

"எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று எகிறினேன். ஒரு நகலை நீட்டினார். கள்ள ஓட்டைத் தடுக்க, வரைபடத்தில் வீடு என்றிருந்தால்தான் முகவரியை ஏற்கவேண்டும் என்று நான் எழுதிய கட்டுரை! நகராட்சி அதையே விதியாக்கிவிட்டது. என் பெயர் இருந்த முதல் பக்கம் மட்டும் அதில் இல்லை.

"யாரோ பெரிய படிப்பாளி எழுதினது. அவங்க எங்க இந்த மாதிரி இடத்துல இருந்திருக்கப் போறாங்க?" என்றார்.

இதே அறையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் எழுதினேன் அப்பா. என் கட்டடத்தை வரைபடத்தில் தேடிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இனி கடிதங்களை என் சட்டக் கல்லூரிக்கே போடுங்கள். உங்கள் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள், புதிது வேண்டாம். கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அந்தக் கட்டுரையைக் கழற்றிவிடுங்கள்.

முடிக்கிறேன். கீழ்த்தளத்துத் தையல்காரம்மா வெள்ளைத்தாளோடு வாசலில் நிற்கிறார். "நீதான சட்டம் படிச்ச பொண்ணு? அதை எழுதினவன் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு ஒரு மனு எழுதிக் குடும்மா" என்கிறார்.

உங்கள் மகள்