ஆடிக் காற்றில் திறந்த ஜன்னல்

காலையிலிருந்து கையில் உப்பு வாடை. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை இது. நீ பவளம் வளர்த்த கடல்நீர்த் தொட்டி இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. நீ போன பிறகு உன் மனைவிதான், "அண்ணே, நீங்களே எட்த்துனு போங்க, என்னால அதப் பாக்க முடியல" என்று கொடுத்தனுப்பினாள்.

அந்த ஊதாப் பவளம் நுனி வெளுத்துக்கொண்டு வருகிறதுடா. பெங்களூரிலிருந்து விரலளவு துண்டாக ரயிலில் கொண்டுவந்தாயே, அதேதான். உப்புத் தண்ணீர்ப் பைக்குக் குளிர் படக்கூடாது என்று சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். பக்கத்து சீட்டிலிருந்த ஒரு அம்மா, "இன்னாப்பா, ஆப்ரேசன் ஆச்சா? வா, குந்து" என்று எழுந்து இடம் கொடுத்தார். நீயும் லேசாக முனகிக்கொண்டே உட்கார்ந்தாய். நம்ம சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்கும்வரை சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தப் பவளத்தை என் கையாலேயே சாகக் கொடுத்துவிடுவேனோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். அமிலம் கூடி, பிஎச் இறங்கிக் கிடந்தது. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். சோடாவின் கார உப்புதான் தண்ணீரில் ஏறியது, பிஎச் அசையவில்லை. மறுபடி சோதனை, மறுபடி சோடா. கார உப்பு ஏற ஏற நுனி இன்னும் வெளுத்தது. ஆபீசில் உட்கார்ந்தால் தொட்டி ஞாபகம், தொட்டி முன் உட்கார்ந்தால் உன் ஞாபகம். சும்மா இருக்க எனக்கு வராது, உனக்கே தெரியும்.

நேற்றுதான் புத்தி வந்தது. ஆடிக் காற்று தொடங்கிவிட்டதல்லவா, சுரங்கத்தில் தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண் மாவாகப் பறக்கிறது. இங்கே எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி சொருகினேன். தொட்டிக்கும் நல்லது என்றே நினைத்தேன். அடைத்த வீட்டில் நாங்கள் விட்ட மூச்செல்லாம் அந்தத் தண்ணீரில்தான் அமிலமாகக் கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

நீ அப்போதே சொன்னாய்: "அடச்ச ரூம்ல நாம வுடற மூச்சு தண்ணியில எறங்கிடும்டா. சோடா ஊத்தி ஒண்ணும் ஆவாது, ஜன்னல தொற."

உன் வீட்டில் எந்தக் காற்றிலும் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னல் திறந்தே இருந்தது. புழுதி கட்டில்வரை படியும், நீ இருமுவாய். நான் எழுந்து சாத்துவேன், நீ எழுந்து திறப்பாய்.

"இந்த நெஞ்ச வெச்சிக்கினு இன்னாத்துக்குடா இவ்ளோ வீம்பு?"

"நான் மாத்திர போட்டுக்குவேன். அந்தப் பவளம் இன்னா பண்ணும்?"

உன் நுரையீரல் கெட்டதற்கு ஜன்னல்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸில் போகும்போதுகூட உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

நேற்றே சோடாவை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். "வூடெல்லாம் மண்ணு, யாரு தொடைக்கறது?" என்று என் மனைவி கத்தினாள். நானே துடைக்கிறேன் என்றேன், துடைத்தேன். இன்று காலை பிஎச் ஏறியிருந்தது. வெளுத்த நுனி வெளுத்ததுதான். ஆனால் அடிக்கிளைகளில் குட்டி வாய்கள் விரிந்து, தண்ணீரின் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. பிழைத்துவிடும்.

உன் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். "அவரே பொழச்ச மாதிரி இருக்குதுண்ணே" என்றாள். எனக்கு அப்படி இல்லைடா. தொட்டியில் இருப்பதெல்லாம் செத்துப்போய், நீ மட்டும் இருந்திருந்தால் எனக்குப் போதும். இதை அவளிடம் சொல்ல முடியவில்லை. நாளைக்கும் ஜன்னலைத் திறப்பேன், இதே கோபத்தோடு.