குதித்து ஓடிய ராஜா

8.9.1957, ஞாயிறு

மூன்று மாதமாகச் சதுரங்கத்தில் எனக்கு எதிரி ஒரு புத்தகம்தான். அதன் பதில் நகர்த்தலை அட்டையால் மூடிவைத்து, யோசித்துவிட்டுத் திறந்து பார்ப்பேன். இன்றுதான் முதல்முறையாக ஓர் ஆளோடு ஆடினேன். செமாபோக் ஊரிலிருந்து கொழுந்தனார் வந்திருந்தார்.

இன்னும் ஒரே நகர்த்தலில் அவர் ராஜா மாட்டியிருக்கும். சட்டென்று அதைத் தூக்கிக் குதிரையைப் போலத் தாண்டவைத்தார்.

“என்னா தம்பி இது? புத்தகத்துல இப்படி இல்லையே!”

“நம்ம ஆட்டத்துல ராஜா ஒரு வாட்டி பாயலாம்லா, அண்ணி. அப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு.”

அதன் பிறகு தோற்றேன். கோபத்தில் மீன்குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

இப்போது அதே காய்களை அடுக்கிப் பார்க்கிறேன். ஒரே ஒரு பாய்ச்சல்தான் அவரிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தவைத்தவள் நான். புத்தகம் ஒரு நாளும் எனக்குப் பயந்து ஓடியதில்லை.