அழிக்கச் சொன்ன கணக்கு

மடிக்கணினியில் கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருக்கிறேன். இடது மூலையில் அந்தச் சின்ன வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டு நிற்கிறது. உம்முடைய முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடப்போகும் நினைவு மலரை உம்முடைய தம்பி கனடாவிலிருந்து சுருக்கி, ஒரே கட்டாக அனுப்பியிருக்கிறார். அதை விரிக்க அவர் சொன்ன மென்பொருள் விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் காட்டியது. மூடிவிட்டு, நாங்கள் அந்த நாளில் தட்டிய ஒற்றை வரியைத் தட்டினேன். கோப்புகளின் பெயர்கள் கடகடவென்று இறங்கின. உம்முடைய படம் இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, நீர் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்குகளும் இருக்கின்றன. நான் போடச் சொன்ன அந்தக் கணக்கு மட்டும் இல்லை.

"இப்ப ஏன் அக்கா வீண் கதை? அதை விடுவம்" என்று தம்பி குறிப்பு வைத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை உம்மிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

சண்டைக் காலத்தில் நீர் கணித டீச்சர், நான் தமிழ் டீச்சர், ஒரே பள்ளிக்கூடம். நகரத்துப் பிள்ளைகளுக்கும் கிண்ணியாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதிரிப் பரீட்சை வைப்பது என்று பிடிவாதமாக நின்றீர். எங்கள் கணினியில் வினாத்தாளை அடித்தாயிற்று. அச்சடிக்கும் மெஷின் கிண்ணியாவில்தான் இருந்தது. வட்டம், முக்கோணம் என்று கேத்திரகணிதப் படங்களோடு அது ஒரு ஃப்ளொப்பிக்குள் அடங்கவில்லை. "ரெண்டு கொண்டு போனா ரெண்டு மடங்கு விசாரணை" என்று சொல்லிச் சுருக்கினீர். தமிழ் எழுத்துருவையும் உள்ளே வைத்தீர். விரிக்கிற அந்தக் குட்டிப் புரோகிராமையும் அதே ஃப்ளொப்பியில் பக்கத்தில் போட்டீர்.

"போற இடத்திலை இருக்குமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்க ஏலாது. கட்டோடை திறப்பும் போகோணும்."

கிண்ணியாவுக்குப் போக அப்போது பாலம் ஏது? மிதவைப் படகுதான், பாதை என்போம். துறையில் உம்முடைய கைப்பையைக் கிளறிய ஆமிக்காரன் ஃப்ளொப்பியைக் கண்டுவிட்டான். எங்கள் இருவரையும் பக்கத்து முகாம் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அதிகாரி அதிலிருந்ததைத் தன் கணினியில் பிரதி எடுத்துத் திறந்தார். திரை முழுக்கக் கோடும் புள்ளியும் கிறுக்கலும். "கோட்?" இரகசியக் குறியீடா என்று கேட்டார். இதைவிடச் சின்ன விஷயத்துக்கு உள்ளே போய்த் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும். நீர் என்னடா என்றால், "நான் திறந்து காட்டுறன்" என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு அவருடைய கதிரையிலேயே போய் இருந்தீர்.

ஒரு வரி தட்டினீர். கட்டு அவிழ்ந்தது. ஆனால் எழுத்துரு ஏறாத கணினியில் எங்கள் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தானே தெரியும்? அதிகாரியின் முகம் இறுகியது. நீர் அவசரப்படாமல் எழுத்துருவை ஏற்றினீர். அவ்வளவும் தமிழாக நிமிர்ந்து நின்றது. அவருக்கோ தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது! துறையில் பயண ரிக்கட் கிழிக்கிற கிண்ணியா முஸ்லிம் நானாவைக் கூப்பிட்டு வாசித்துச் சிங்களத்தில் சொல்ல வைத்தார்.

வட்டம், முக்கோணம் எல்லாம் தாண்டி அந்த நானா ஓரிடத்தில் நின்று உம்மைப் பார்த்தார். தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவி நகரத்துக்குப் பரீட்சை எழுத வருகிறாள். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பஸ்ஸால் இறங்கி, நடந்து, மறுபடி ஏறுகிறாள். நேரத்துக்கு வந்துசேர எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? இதுதான் கணக்கு.

"வாசியுங்கோ நானா, அது முக்கியமான கணக்கு" என்றீர்.

அவர் சொல்லி முடித்ததும் அதிகாரி ஏதோ கேட்க, நானா தமிழில் சொன்னார். "சாவடியை ஏன் போட்டீங்க எண்டு மாத்தயா கேக்கிறார், டீச்சர்."

"போடாட்டி விடை பிழைக்கும் எண்டு சொல்லுங்கோ."

நானா அதை அப்படியே சொன்னாரோ, பதமாகச் சொன்னாரோ, தெரியாது. அழி என்றார் அதிகாரி. நீர் அவர் கண்முன்னாலேயே அந்தக் கேள்வியை அழித்தீர். ஃப்ளொப்பியைத் தந்து அனுப்பிவிட்டார்கள்.

மிதவையில் உமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு வாய் காட்டிவிட்டுக் கடைசியில் பணிந்துவிட்டீரே என்று பற்றிக்கொண்டு வந்தது. நடுக்கடலில் நீர் சிரித்தீர்.

"முகத்தை நீட்டாதையும். அவையின்ரை மெஷினிலை விரிச்சதைத்தான் அழிச்சனான். ஃப்ளொப்பியிலை கட்டு கட்டாத்தான் கிடக்கு."

கிண்ணியாவில் மறுபடி அதே ஒரு வரி. கேள்வி இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் போன பிறகு தமிழ் தெரிந்த யாராவது அவர்களுடைய கணினியிலும் கிடக்கிற அதே கட்டை அவிழ்த்துக் காட்டியிருக்கலாம் என்ற பயம் பிறகுதான் எனக்கு வந்தது. உமக்கு வந்ததா என்று கடைசிவரை கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் எல்லாரும் செய்தார்கள். செய்யத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அழித்தது போல் காட்டுகிற கெட்டித்தனம் எனக்கு வராது. அதனால் தம்பிக்கு நேரே எழுதிவிட்டேன், போடத்தான் போகிறேன் என்று. கணக்கை மனப்பாடத்திலிருந்து திரும்ப அடித்து, எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டி, குட்டிப் புரோகிராமையும் கூடவே சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இதெல்லாம் எங்களிடம் இருக்கிறது மிஸ் என்பார்கள். இருக்கட்டும்.

உம்மை இழந்ததுக்கு அழுதுகொண்டும்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போக விடமாட்டேன். மலரைப் பிரித்து அந்தக் கணக்கைச் செய்யட்டும். அதெல்லாம் முடிந்த கதை என்கிறவர்கள் சாவடிகளை விட்டுவிட்டுச் செய்து பார்க்கட்டும். விடை பிழைக்கும்.