உன் மாமாவின் அறை

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு,

பஃபலோவிலிருந்து அம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை, முழங்கால் வலி மட்டும் பனியோடு சேர்ந்து வந்துவிட்டது. டகோமாவில் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். இந்த மாதக் கடைசியில் நான் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். உடனே வீட்டுச் சொந்தக்காரர் வோய்சிக்கிடம் சண்டைக்குப் போகாதே, முழுசாகப் படி.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அரசாங்கம் வாடகையில் பெரும்பங்கு கட்டியது, நானும் உன் வெர்னல் மாமாவுமாக இரண்டு பேர் இருந்ததால்தான். வீட்டில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் உடனே வீட்டுவசதி அலுவலகத்துக்குச் சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். மாமாவை அடக்கம் பண்ணி நீ விமானம் ஏறிய பிறகு எத்தனையோ தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். வீடு போய்விடுமே என்கிற பயம் பாதி, தம்பி இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டுமே என்பது மீதி. கீழ்வீட்டிலிருந்து வோய்சிக்கும் ஏறி வந்து, "ஒடெஸ்ஸா, நீயாப் போய் வாயக் குடுக்காத, அவங்க கேட்டாப் பாத்துக்கலாம்" என்றார்.

போன வாரம் வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வருடாந்தரச் சோதனைக்கு மிஸ் ப்ரூயிட் வந்தாள். அதே சிடுமூஞ்சி, அதே டார்ச். புகை மணியை அழுத்திப் பார்த்தாள், ஜன்னலைத் தூக்கிப் பார்த்தாள், வெந்நீர்க் குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள். வோய்சிக் எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. பிறகு மாமாவின் அறைக்குப் போனாள். விரித்த படுக்கை அப்படியே இருந்தது, ஆக்சிஜன் மெஷினும் இருந்தது. "உங்க தம்பி எங்கம்மா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் வாசலில் நின்ற வோய்சிக், "ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றார். அந்த மனிதர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் ரெனீட்டா, எனக்காகப் பொய் சொல்லி முகமெல்லாம் சிவந்துபோய் நின்றார். அவள் எழுதப்போனாள். என்னால் தாங்க முடியவில்லை. "எழுதாதம்மா, என் தம்பி செத்துட்டான்" என்றேன். அதை நான் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மிஸ் ப்ரூயிட் டார்ச்சை அணைத்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. இப்ப நான் இத எழுதித்தான் ஆகணும்" என்றாள். இனி ஒற்றை அறைக்குரிய வாடகைப் பங்குதான் வருமாம், வோய்சிக் அதற்குச் சம்மதித்தால் நான் இங்கேயே இருக்கலாமாம், அதையும் அவளே அவரிடம் கேட்டாள். அவர் கீழே போய் நெடுநேரம் கழித்து வந்தார். "என் சம்சாரம் பார்பராவ முதியோர் ஹோம்ல வெச்சிருக்கேன் ஒடெஸ்ஸா, இந்த வாடகதான் அங்க போகுது, என்னால முடியாது" என்றார். தெரியும் என்றேன். யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அவரவர் செய்ய வேண்டியதைத்தான் அவரவர் செய்தார்கள்.

புது இடம் ஊரின் மறுகோடியில், எட்டாவது மாடியில், ஒரே அறை. அதைத் தேடிக் கொடுத்ததும் மிஸ் ப்ரூயிட்தான், நீ அவளைத் திட்டாதே. கிறிஸ்துமஸுக்கு வந்தால் சோபாவில்தான் படுக்கை. அப்புறம், உன் குளியலறையில் ஒழுகுகிறது என்றாயே, பொறுத்துப்போகாமல் வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துக் கேள், வீட்டைப் பழுதுபார்ப்பது அவர் பொறுப்பு.

வாங்கினபடியே வீட்டைத் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பு இல்லையா, நேற்று மாமாவின் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தேன். அவனுடைய சக்கர நாற்காலி உரசி உரசிச் சுவரோரம் நெடுகக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது, நீ பார்த்திருப்பாய். பாதிக் கோட்டை மறைத்ததும் கை ஓடவில்லை. சத்தமில்லையே என்று வோய்சிக் ஏறி வந்தார், "விடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று தூரிகையை வாங்கினார். வாங்கியவரும் அடிக்கவில்லை. கட்டில் எடுத்துவிட்ட வெறுந்தரையில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாதிக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், மருமகனுக்கும் என் ஆசி. முதல் தேதிக்குப் பிறகு இந்த முகவரிக்கு எதுவும் அனுப்பாதே.

உன் அம்மா,
ஒடெஸ்ஸா